முன் காம்பராவில் கேட்ட குரல்

"வந்துட்டேன்."

குரல் முன் காம்பராவிலிருந்து கேட்டது. குசினியில் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்த ஷாமிலாவின் கையிலிருந்த ரொட்டி நழுவிச் சாம்பலில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. எடுக்க அவளுக்குக் கை இல்லை, கால் இல்லை. உடம்பு முழுக்கக் காதாகிப் போயிருந்தது.

அது கிஷாந்தின் குரல். கொஞ்சம் மூக்கால் பேசி, கடைசி எழுத்தைச் சிரிப்போடு இழுத்து முடிக்கிற அவளுடைய புருஷனின் குரல். போன கார்த்திகை மழையில், கொட்டகலைக் கடைவீதியிலிருந்து வீடு திரும்பும் வழியில், மேட்டு மண் சரிந்து அவன் வந்த ஆட்டோவை மூடிவிட்டது. தோண்டி எடுத்துக் கொண்டுவந்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் கிடத்தினார்கள். அந்த முகத்தை அவள் தன் கையால் துடைத்தாள். தோட்டமே கூடி அவனைத் தேயிலை மலைக்கு மேலே மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தது. இப்போது சித்திரையும் பிறந்துவிட்டது. புதைத்துவிட்டு வந்தவன் வீட்டுக்குள் நின்று 'வந்துட்டேன்' என்றால், எந்தப் பெண்ணின் நெஞ்சுதான் ஒரு கணம் நின்று போகாது?

திரைத் துணியை விலக்கிக்கொண்டு முன் காம்பராவுக்கு வந்தாள். மாமியார் மீனம்மா மேசைக்குப் பக்கத்தில் கல்லாய் நின்றுகொண்டிருந்தாள். மேசைமேல் கிஷாந்தின் பழைய லெப்டொப் திறந்திருந்தது. அதிலிருந்து ஒரு நீல வயர் இறங்கி மீனம்மாவின் கைக்குள் போயிருந்தது. வயரின் முனையில் நெருப்புப்பெட்டி அளவில் ஒரு பச்சைத் தகடு. பயிற்சிக்காக ஹட்டனிலிருந்து ஷாமிலா வாங்கி வந்த போர்டு அது.

"நான் ஒண்ணும் செய்யல தாயி." மீனம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. "வயரு சும்மா தொங்குச்சு. சார்ஜ் போட மறந்துட்டியோன்னு நெனச்சு இதுல சொருகினேன். அவன் பேசிட்டான்."

ஷாமிலா யோசிக்கவில்லை. காலில் ஏறிய அட்டையைப் பிடுங்குவதுபோல அந்தப் போர்டைப் பிடித்து வயரிலிருந்து பிடுங்கினாள்.

"போயிட்டு வர்றேன்," என்றான் கிஷாந்த்.

மீனம்மா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை மாதமும் அழுதிருந்தாள். அவன் கடைசியாகப் போன காலையில் மீனம்மா பீலிக் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நல்ல மழை. நிமிர்ந்து பார்த்தபோது ரெயின்கோட்டின் முதுகு மட்டும் வளைவில் திரும்பி மறைந்தது. 'சொல்லிட்டுக்கூடப் போகலையே எம்புள்ள' என்பதுதான் சாவு வீட்டில் அவள் வைத்த ஒப்பாரி. பிறகு அது அவள் மூச்சோடு ஒட்டிக்கொண்டது. இப்போது சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு மறுபடியும் போய்விட்டான்.

வாசலில் நிழல் தட்டியது. அடுத்த காம்பராக்காரர் செல்லசாமி கையில் தேயிலைச் செடி கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியோடு நின்றார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது பாதிச் சுவர்தான். இங்கே இருமினால் அங்கே சுக்குத் தண்ணீர் கொதிக்கும்.

"மதினி, யாரு வந்தது?" அவர் முகம் வெளுத்திருந்தது. "கேட்ட மாதிரிக் கொரலு."

ஷாமிலா லெப்டொப்பைக் கை காட்டினாள். போர்டை வயரில் மறுபடி சொருகினாள்.

"வந்துட்டேன்."

செல்லசாமியின் கத்தி இறங்கியது. லெப்டொப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக உள்ளே வந்து பலகையில் உட்கார்ந்தார்.

"அடப் பாவி மகனே. இது கடைச் சத்தமில்ல? அந்த மழைக்கு முந்துன கெழமை என் போனைக் காட்டப் போனேன். வயரைச் சொருகினான். 'வந்துட்டேன்'னுச்சு. எவன்டா வந்ததுன்னு நான் திரும்பிப் பாத்தேன். வுழுந்து வுழுந்து சிரிச்சான். கழட்டுனா 'போயிட்டு வர்றேன்'னு சொல்லுமாம். எந்தப் போனைச் சொருகினாலும் அப்பிடித்தான். 'மாமா, ஷாமிகிட்ட சொல்லிராதீங்க, வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு நாளைக்கு அவளைப் பயங்காட்டணும்'னான்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

கிஷாந்த் கடைவீதியில் போன் திருத்தும் சின்னக் கடை வைத்திருந்தவன். அவன் போன பிறகு பக்கத்துக் கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்த பைக்குள் இந்த லெப்டொப்பும், சின்னச் சின்னத் திருகாணிகளும், ஒரு பிரஷும், ஒரு போத்தல் ஸ்பிரிட்டும் இருந்தன. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, அந்தக் குரலை எழுப்பும்படி லெப்டொப்பில் யாரும் எதையும் சொருகவில்லை. அவன் செய்து வைத்த விளையாட்டு, அவன் இல்லாத வீட்டில், அவன் சொன்னபடியே அவளைப் பயங்காட்டிவிட்டது.

"கழட்டாத," என்றாள் மீனம்மா, தரையிலிருந்து. "இனிமே அதைக் கழட்டாத தாயி. இருக்கட்டும் அவன்."

ஷாமிலா கழற்றவில்லை.

ஆனால் அந்தப் போர்டு சும்மா இருக்க வந்ததல்ல. அவளுடைய வாழ்க்கையே அதன் முனையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

உயர்தர வகுப்பில் தொழில்நுட்பம் படித்தவள் ஷாமிலா. பாஸும் செய்தாள். ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு கொழுந்துக் கூடையைத்தான் தலையில் மாட்டினாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மழையோ பனியோ, நிரையில் நின்று பறித்தாள். கிஷாந்த் இருந்தவரைக்கும் அது பாரமாகத் தெரியவில்லை. அவன் போன பிறகு ராகலையிலிருந்து அவளுடைய அண்ணன் பிரதாப் வந்தார். "தனியா இருந்து என்னா செய்யப் போற? வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போ. பாஸ்போர்ட்டு நான் எடுத்துத் தர்றேன்," என்றார். எடுத்தும் தந்துவிட்டார். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி. அவள் போனால் மீனம்மா இந்த லயத்தில் தனிமரம். பெற்ற ஒரே பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள் மருமகளை ஆகாயத்துக்கும் கொடுக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ஹட்டனில் ஒரு சிறிய நிறுவனம் பெண்களுக்குப் பயிற்சி தந்தது. மேட்டு மண்ணின் ஈரத்தை அளந்து, மண் இளகினால் கீழே இருக்கும் வீடுகளுக்கு முன்கூட்டியே சத்தம் போடும் கருவி செய்கிறவர்கள். கருவிக்குள் இருக்கும் போர்டில் புரோகிராம் ஏற்றிச் சோதிக்க ஆள் தேவை. வீட்டிலிருந்தே செய்யலாம். ஷாமிலா பெயர் கொடுத்தாள். ஏன் அதற்குப் போனாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

பயிற்சி கொடுத்தது பெற்றீசியா மிஸ். கண்டிப்பானவர். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் எப்போதும் குடை.

"கிளாஸ்ல செய்யறதை நான் கணக்குல எடுக்க மாட்டேன்," என்று சொல்லியிருந்தார். "உங்க வீட்டுல, உங்க கம்ப்யூட்டர்ல, நீங்களே எல்லாத்தையும் இறக்கி, போர்டுல லைட்டு மின்ன வைக்கணும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வருவேன். மின்னினா வேலை. மின்னலன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த வருஷம் ஷாமிலா எந்த நாட்டில் யார் வீட்டுக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருப்பாளோ. ஞாயிறுதான் அவளுடைய கெடு.

முதல் முயற்சியில் போன் சார்ஜ் போடும் வயரைத்தான் அவள் பயன்படுத்தியிருந்தாள். லெப்டொப் போர்டைக் கண்டுகொள்ளவே இல்லை. குரல் கேட்ட அன்று காலை மிஸ் அந்த வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கரண்டு மட்டும்தான் போகும், பேச்சு போகாது," என்று சொல்லித்தான் இந்த நீல வயரைத் தந்திருந்தார். பேச்சுப் போகும் வயர். எப்படிப்பட்ட பேச்சு வரப்போகிறது என்று அந்த மிஸ்ஸுக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது.

அன்று பின்னேரமே உட்கார்ந்தாள். புரோகிராம் எழுதுகிற மென்பொருளை வகுப்பிலேயே போனில் இறக்கி வந்து, வயர் இல்லாமல் லெப்டொப்புக்கு அனுப்பிப் போட்டிருந்தாள். பட்டியலில் போர்டின் பெயரும் இப்போது வந்துவிட்டது. மாதிரிப் புரோகிராமைத் திறந்தாள். லைட்டை எரிய விடு, கொஞ்சம் பொறு, அணை, கொஞ்சம் பொறு. அவ்வளவுதான். ஏற்றும் பொத்தானை அழுத்தினாள்.

திரையின் அடியில் சிவப்பு எழுத்துகள் மளமளவென்று கொட்டின.

ஒவ்வொரு வரியாக வாசித்தாள். நீளமான முகவரிகள். ஒவ்வொரு முகவரியிலும் ஓரிடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. கடைசியில், அப்படி ஓர் இடமே இல்லை என்று ஆங்கிலத்தில் முடிந்திருந்தது. எந்த இடம் இல்லை? கேள்விக்குறிகள் இருந்த இடத்தில் என்ன பெயர் இருக்க வேண்டும் என்று தேடிப் போனாள். கண்டுபிடித்தாள்.

கிஷாந்த்.

லெப்டொப் வாங்கிய அன்று அவன் தன் பெயரைத் தமிழில் அடித்து வைத்திருந்தான். மென்பொருள் தன் துணைக் கருவிகளையெல்லாம் அவன் பெயர் போட்ட ஃபோல்டருக்குள்தான் கொண்டுபோய் அடுக்கியிருந்தது. திரும்ப எடுக்கப் போகும்போது, அந்தக் கருவிகளில் ஒன்றுக்குத் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியவில்லை. தேடிப் பார்த்துவிட்டு, அவனைக் காணோம் என்று எழுதிவிட்டது.

உலகமே சொன்னதை ஒரு யந்திரமும் சொல்ல வேண்டுமா? அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மாமிக்குக் கேட்கக் கூடாது.

குசினிக்குள் போய் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தாள்.

"அது பெரிய விஷயம் இல்ல," என்றார் மிஸ். "இங்கிலீஷ்ல வேற பேரு குடுத்துப் புது எக்கவுன்ட் ஒண்ணு தொறங்க. எல்லாம் சரியாப் போகும்."

"மிஸ், புது எக்கவுன்ட்ல பழைய சத்தமெல்லாம் வருமா?"

"என்ன சத்தம்?"

"வயரைச் சொருகினா வர்ற சத்தம்."

"அது சாதாரணமா வர்ற டொங்தான் வரும். ஏன்?"

ஷாமிலா முன் காம்பராப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மீனம்மா லெப்டொப்புக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் சாயத் தண்ணீர் வைத்துவிட்டு, அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பால் இல்லாத வெறும் தேத்தண்ணீர், சீனி தூக்கலாக. கிஷாந்த் குடிக்கிற மாதிரி.

"வேற வழி இருக்கா மிஸ்?"

"இருக்கு. பழைய எக்கவுன்ட்டை அப்படியே வச்சுக்கிட்டு, கருவி எல்லாத்தையும் வெளியில, இங்கிலீஷ் பேரு போட்ட தனி ஃபோல்டர்ல போடலாம். எப்படின்னு எழுதி அனுப்புறேன். ஆனா எல்லாத்தையும் திரும்ப இறக்கணும். பெருசு. உங்க பக்கம் இன்டர்நெட் சிக்னல் இருக்கா?"

"இருக்கு மிஸ்," என்று பொய் சொன்னாள்.

லயத்தில் போன் பேச மட்டும்தான் எடுக்கும், இன்டர்நெட் வராது. மேல் மலையில், கவ்வாத்துச் சாமிக் கல்லுக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும், லெப்டொப்பைப் பொலித்தீனில் சுற்றித் தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். போர்டைக் கழற்ற மாமி விடவில்லை. அது பொலித்தீனுக்குள் வயரோடு தொங்கியபடியே வந்தது. வழியில் செல்லசாமி பார்த்துவிட்டார்.

"என்னா புள்ள, புருஷனையும் கூட்டிக்கிட்டு மலைக்கிப் போறியா?"

"ஆமா மாமா. ஒங்களுக்கும் எதும் சொல்லணுமா அவர்கிட்ட?"

"என் போன் இன்னமும் சரியாகலன்னு சொல்லு," என்றார் அவர். சிரிக்கத்தான் நினைத்தார். முடியவில்லை.

சாமிக் கல்லின் மறைவில் உட்கார்ந்து, போனிலிருந்து லெப்டொப்புக்கு சிக்னலை வாங்கி இறக்கத் தொடங்கினாள். கோடு ஒன்று திரையில் அட்டையைப்போல ஊர்ந்தது. மூடுபனி ஏறி வந்து நிரைகளை ஒவ்வொன்றாக அழித்தது. ரயில் ஒன்று எங்கோ கூவிவிட்டுப் போனது. இரண்டு தடவை இறக்கம் பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. எல்லாம் முடிந்து, மிஸ் எழுதி அனுப்பியபடி ஃபோல்டரை மாற்றி, சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு எழுத்து வரவில்லை. வெள்ளை எழுத்தில், முடிந்தது என்று வந்தது. ஏற்றிப் பார்க்கக் கையை வைத்தபோது லெப்டொப்பின் உயிர் போய்விட்டது. பெட்டரி தீர்ந்து திரை கறுத்தது.

சரி, வீட்டில் சார்ஜ் போட்டுப் பார்க்கலாம் என்று இறங்கினாள். வந்து பார்த்தால் லயம் முழுக்க இருட்டு. காற்றுக்குக் கரண்டுக் கம்பி எங்கோ அறுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து, கரண்டும் வந்த பிறகு, லெப்டொப்பைச் சார்ஜில் வைத்து ஆன் செய்துவிட்டு ஷாமிலா பீலிக்குக் குளிக்கப் போனாள். தலையில் ஊற்றிய தண்ணீர் முதுகில் இறங்குவதற்குள், லயத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"போயிட்டு வர்றேன். வந்துட்டேன். போயிட்டு வந்துட்டேன். போயி. வந்து. போயிட்டு. போயி."

நிற்கவில்லை. வாசலுக்கு ஓடி ஓடித் திரும்பி வருகிற ஒருவன் மூச்சுவிடாமல் கத்துவதுபோல இருந்தது. ஈர உடம்போடு அவள் ஓடினாள். பீலியில் நின்ற பெண்கள் குடங்களை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

முன் காம்பராவில் மீனம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் காலடியில் சந்தனக் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது.

"நல்ல காரியமாச்சேன்னு பொட்டு வச்சேன் தாயி. புது யந்திரம் வந்தா வைக்கிறதில்லையா? பெக்டரியில புது ரோதைக்கு வைப்பாங்களே. அவனுக்கு என்னமோ ஆயிருச்சி. தவிக்கிறான். என்னான்னு பாரு."

ஷாமிலா பார்த்தாள். அவளுடைய ஞாயிற்றுக்கிழமை செத்துக் கிடந்தது. பச்சைப் போர்டின் நடுவில், பொடிப் பொடியான ஈயப் புள்ளிகளை எல்லாம் மூடிக்கொண்டு, நீர் விட்டுக் குழைத்த சந்தனம் அப்பியிருந்தது. அதன்மேல் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. ஈரச் சந்தனத்துக்குள் கரண்டு போகக் கூடாத இடமெல்லாம் போய், போர்டு கணத்துக்குக் கணம் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது.

வயரைப் பிடுங்கக் கை போனது. மீனம்மாவின் கண்கள் அந்தக் கையைத்தான் பார்த்தன. பிடுங்கினால் அவன் மறுபடி விடை சொல்லிவிட்டுப் போவான். இப்படித் தவித்துக்கொண்டே போவான். ஷாமிலா கையை மாற்றினாள். லெப்டொப்பின் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். 'போயி' என்ற பாதிச் சொல்லோடு திரை அணைந்தது. அதற்குப் பிறகுதான் வயரைக் கழற்றினாள். எந்தச் சத்தமும் வரவில்லை.

"கொன்னுட்டேனா தாயி?" என்று கேட்டாள் மீனம்மா. "நானே எம்புள்ளய ரெண்டாவது வாட்டியும் கொன்னுட்டேனா?"

"இல்ல மாமி. குளிச்சிட்டு ஈரத்தோட நிக்கிறாரு. தொடச்சி விட்டா சரியாயிரும்."

எப்படி அந்த வார்த்தை தன் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்குக் கை வந்தது. கிஷாந்தின் பையை எடுத்தாள். மழையில் நனைந்த போன்களை அவன் எப்படிக் கழுவுவான் என்று கண்ணால் பார்த்திருக்கிறாள். பிரஷை ஸ்பிரிட்டில் தோய்த்து, சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தாள். மீனம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டாள். குங்குமம் ஒரு மூலையில் விடாமல் ஒட்டியிருந்தது. அதையும் எடுத்தாள். பிறகு அடுப்பிலிருந்து எட்ட, வெதுவெதுப்புப் படுகிற இடத்தில், ஒரு தட்டில் போர்டைக் காய வைத்தார்கள். இரண்டு பெண்களும், பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் காத்திருப்பதுபோல, அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அது காய்வதற்குள் வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது.

"ஷாமிலா வீடு இதுதானா?"

பெற்றீசியா மிஸ் ஞாயிறு பூசைக்குக் கட்டிய சேலையோடு, செருப்பெல்லாம் சேறாக நின்றார். ஷாமிலா மறைக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். சந்தனம் என்றதும் மிஸ்ஸின் புருவம் நெற்றிக்கு ஏறியது.

"சந்தனமா?"

"பொட்டும்," என்றாள் மீனம்மா. தப்பை ஒளிக்க அவளுக்குத் தெரியாது.

மிஸ் போர்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சுத்தமாத்தான் எடுத்திருக்கீங்க. ஆனா உள்ள போயிருந்தா ஒண்ணும் செய்ய முடியாது. கையில இப்ப வேற போர்டு இல்ல. சொருகுங்க, பாப்போம்."

ஷாமிலா லெப்டொப்பைப் போட்டாள். வயரின் முனையைப் போர்டுக்குள் வைத்து அழுத்தினாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

மீனம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஷாமிலா அலுமாரியைத் திரும்பிப் பார்த்தாள். பாஸ்போர்ட்டு அதற்குள் இருந்தது. முனையை எடுத்து, ஊதி, மறுபடி அழுத்தினாள்.

"வந்துட்டேன்."

பெற்றீசியா மிஸ் பலகையிலிருந்து எழுந்துவிட்டார். அவர் பார்வை வாசலுக்குப் போனது, திரைக்குப் போனது, சுவரில் மாலையோடு இருந்த படத்துக்குப் போனது. பிறகு லெப்டொப்புக்கு வந்தது. அவர் கை தானாகச் சிலுவையைத் தேடியது.

"இதுதானா நீங்க கேட்ட சத்தம்?" என்றார் மெதுவாக.

ஷாமிலா தலையை ஆட்டினாள்.

"அப்போ ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அம்மா, நீங்களும் கேளுங்க. புரோகிராம் ஏத்தும்போது இந்தப் போர்டு லெப்டொப்போட கையை ஒருதரம் விட்டுரும். புதுசா உள்ள வாங்கிக்கிட்டுத்தான் திரும்பி வரும். கிளாஸ்ல ரெண்டு தரம் டொங்னு கேட்டுச்சே, அதுதான். இங்க என்ன கேக்கும்னு உங்களுக்கே தெரியும்."

மீனம்மாவுக்குத் தெரிந்தது. அவள் எழுந்து வந்து மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "போவானா?"

"போவாரு."

"வருவானா?"

மிஸ் ஷாமிலாவைப் பார்த்தார். "அது ஷாமிலா எல்லாத்தையும் சரியாச் செஞ்சிருக்காங்களாங்கறதைப் பொறுத்தது."

ஷாமிலா மாமியின் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று மாமி ஒரு வார்த்தை சொன்னால் கையை எடுத்துவிடுவாள். மிஸ்ஸை அனுப்பிவிட்டு, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

"அமுக்கு," என்றாள் மீனம்மா.

அமுக்கினாள். வெள்ளை எழுத்துகள் ஓடின. நின்றன.

"போயிட்டு வர்றேன்."

பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் செல்லசாமி இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். தகரத்தில் தூறல் விழுந்தது. திரையில் ஒன்றும் அசையவில்லை. மீனம்மாவின் விரல்கள் மேசை விளிம்பில் வெளுத்துப் போயின. கார்த்திகை மாதத்து மழையில், வளைவைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்ற அந்த ராத்திரி முழுவதும் அவள் முகத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. வா, என்று ஷாமிலா மனசுக்குள் சொன்னாள். ஒரே ஒரு வாட்டி வா.

"வந்துட்டேன்."

போர்டின் மூலையில் நீலமாக ஒரு பொட்டு வெளிச்சம் எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

யாரும் கத்தவில்லை. மீனம்மா குனிந்து, அந்த வெளிச்சத்துக்கு மிகக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நீலம் அவள் கன்னத்தில் வந்து வந்து போனது. ஷாமிலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. இடி விழுந்த மரம்போல இருந்தாள். இனி எங்கேயும் போக வேண்டியதில்லை என்பது உடம்புக்குள் இறங்க அவளுக்கு நேரம் எடுத்தது.

"அடுத்த கெழமையிலருந்து வேலை," என்றார் மிஸ். அவர் குரலும் சரியாக இல்லை. "செவ்வாய்க்கிழமை ஹட்டனுக்கு வாங்க. ஒரு பெட்டி போர்டு தருவேன். ஒண்ணொண்ணாச் சொருகி, ஏத்தி, கழட்டணும். நாள் முழுக்க இந்தச் சத்தம்தான் கேக்கும். உங்களால முடியுமா? இல்லன்னா மாத்திரலாம்."

ஷாமிலா வாயைத் திறக்குமுன் மீனம்மா பேசினாள்.

"இருக்கட்டும் மிஸ். கடையில வேலை செஞ்ச மாதிரியே வீட்டுல செய்யட்டும். போவான், வருவான். வேலைக்கிப் போறவன்னா அப்பிடித்தானே."

சாயத் தண்ணீர் குடித்து முடித்து மிஸ் குடையை எடுத்தார். பிறகு தயங்கினார். "இந்தப் போர்டை நான் எடுத்துக்கிட்டுப் போகணும். நீங்க செஞ்சதுன்னு ஒபீஸ்ல காட்டணும்."

ஷாமிலா கையை நீட்டவில்லை. மாமியைத்தான் பார்த்தாள்.

மீனம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். மேசைக்குப் போய், ஒரு கையால் வயரையும் மறு கையால் போர்டையும் பிடித்தாள். குழந்தையை மார்பிலிருந்து எடுப்பதுபோல, மெள்ள இழுத்தாள்.

"போயிட்டு வர்றேன்."

"போயிட்டு வாய்யா," என்றாள் மீனம்மா. "மழையா இருக்கு. பாத்துப் போ."

போர்டை ஒரு கைக்குட்டையில் சுற்றி மிஸ்ஸின் கையில் கொடுத்தாள். பெற்றீசியா மிஸ் இரண்டு பேரையும் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு வாசலோர இஸ்தோப்பில் இறங்கினார். குடை விரிந்தது. வளைவு வரைக்கும் அது போவதை மீனம்மா வாசலில் நின்று பார்த்தாள். இந்தத் தடவை கடைசி வரைக்கும் பார்த்தாள்.

பிறகு சாரல் உள்ளே அடிக்கிறது என்று ஷாமிலா கதவைச் சாத்தினாள்.